கட்டணம் நம்முடையது, அறிக்கை மட்டும் வங்கியுடையதா?



வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் இதை முழுக்கப் படியுங்கள்.

பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்கக் கடன் கேட்டால், வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவருடைய கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான். அறிக்கையோ வங்கிக்குப் போகிறது. நகல் கேட்டால், "அது பேங்க் உபயோகத்துக்கு சார்" என்பார்கள். பின்னால் வீட்டில் பெரிய குறை தெரிந்தால், "உங்களுக்காக எழுதிய அறிக்கை இல்லையே" என்பார்கள். காசு கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் கடமை இல்லையாம். இது என்ன நியாயம்?

இங்கிலாந்திலும் இதே சாக்கைச் சொல்லிப் பார்த்தார்கள். 1980இல் நார்விச் நகரில் ஒரு பெண் 18,000 பவுண்டுக்குச் சாதாரண வீடு ஒன்றை வாங்கினார். கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பிய சர்வேயருக்கு, 40 பவுண்டுக்கும் குறைவான கட்டணத்தை அவரே கட்டினார். அவசியமான பழுதுவேலை எதுவும் இல்லை என்றது அறிக்கை. புகைபோக்கியின் கீழ்ப்பகுதியை யாரோ இடித்து எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த சர்வேயர், மேலே மிச்சம் இருப்பதற்கு முட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சுமார் ஒன்றரை ஆண்டில் செங்கற்கள் கூரையை உடைத்துக்கொண்டு படுக்கையறையில் விழுந்தன.

"நாங்கள் பொறுப்பல்ல" என்று படிவத்தில் அச்சிட்டிருந்தார்கள். 1989இல் பிரபுக்கள் சபை, 'ஸ்மித் எதிர் எரிக் புஷ்' வழக்கில், அந்த வாசகம் நியாயமற்றது, செல்லாது என்றது. கட்டணம் கட்டுபவர் வாங்குபவர்தான், தன் அறிக்கையை நம்பித்தான் அவர் வாங்குவார் என்பது சர்வேயருக்குத் தெரியும். எனவே நஷ்டஈடு கொடு என்றது. விலை உயர்ந்த சொத்துக்கும் வணிகக் கட்டடத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குச் சொன்னது.

என் மாணவர்களில் வங்கி அதிகாரிகளும் சிவில் இன்ஜினியர்களும் உண்டு. "அரை மணி நேரம் பார்க்கிறோம், சுவரையா உடைக்க முடியும்?" என்று கேட்பீர்கள். சுவரை உடைக்க யாரும் சொல்லவில்லை. கண்ணில் பட்ட அறிகுறியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கவனமுள்ள எந்தத் தொழில்காரரும் செய்கிற வேலை அது.

புது ஃபிளாட்டுக்காவது ரேரா சட்டம் இருக்கிறது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இருபது வருஷப் பழைய வீட்டை வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் அறிக்கையே கையில் இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்?

ஆகவே என் கோரிக்கை இரண்டு. கட்டணம் கட்டியவருக்கு அறிக்கையின் நகலைக் கட்டாயம் தர வேண்டும். அலட்சியமாக எழுதினால் மதிப்பீட்டாளர் அவருக்கு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டையும் சட்டமாகவே எழுத வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: பணம் கட்டும்போதே நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் சொந்தச் செலவில் ஒரு நல்ல இன்ஜினியரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதால் வீடு நல்ல வீடு ஆகிவிடாது.

கட்டணத்துக்கு ரசீது போடத் தெரிந்தவர்களுக்கு, அறிக்கைக்கு நகல் எடுக்கவும் தெரியும். கேளுங்கள்.