போன மாதம் எவ்வளவு?

சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளர் பிள்ளையை எடை போட்டு, நீளம் அளந்து, ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற்றுகிறார். நல்ல வேலைதான், ஆனால் அந்த எண் தாயின் காதுக்கும் போகிறதா என்பதே என் கவலை. தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்குக் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. பிள்ளை இளைத்துத் தெரியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மாத எடை தனியாக அதிகம் சொல்லாது. அடுத்தடுத்த மாதங்களின் எடையை இணைக்கும் கோடுதான் முன்கூட்டியே எச்சரிக்கும். ஆகவே தாய்மார்களே, தராசிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போது, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.