எல்இடி வால் பெருசுதான்... அதுக்காக கிராபிக்ஸ் கார்டும் பெருசா வாங்கணுமா?



வார நாட்களில் ஆபீஸ், சனி ஞாயிறு ஆனா ரிசெப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ், டிஜே நைட். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வாலில், பாட்டுக்கு ஏத்த மாதிரி விஷுவல்ஸை லைவா ஓட்டுற சைடு வருமானம் இது. நல்ல விஷயம்தான். ஆனா இதில் இறங்கும் பலரும் முதல்ல செய்யுற வேலை, லட்ச ரூபாய்க்கு மேல ஒரு கிராபிக்ஸ் கார்டை இஎம்ஐயில் வாங்குறது. என் கருத்து இதுதான்: ஆரம்பத்தில் உங்களுக்கு அது தேவையில்லை.

முதல்ல பிக்சல் கணக்கு

வாடகை எல்இடி வாலில் பரவலா இருக்கிற பி3.9 பேனலை எடுத்துக்கோங்க. 500 மி.மீ. சதுரப் பேனல் ஒன்றில் 128 x 128 பிக்சல். 20 அடிக்கு 10 அடி வால் என்றால் சுமார் 12 x 6 பேனல். மொத்தம் 1536 x 768, அதாவது ஏறக்குறைய 11.8 லட்சம் பிக்சல். உங்க டேபிள்ல இருக்கிற சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் 20.7 லட்சம்! வாலின் அகலத்தைப் பார்த்து கார்டு வாங்காதீங்க, பிக்சலைப் பார்த்து வாங்குங்க.

பணம் எதுக்குப் போகணும்?

ரெசொல்யூம் மாதிரி சாஃப்ட்வேரில் எச்.264 வீடியோவை அப்படியே போட்டு நாலஞ்சு லேயர் ஓட்டினா, திணறுறது பெரும்பாலும் பிராசசர்தான். அதே வீடியோவை டிஎக்ஸ்வி ஃபார்மேட்டுக்கு மாத்துங்க. அதுக்கான ஆலி மென்பொருள் இலவசம். ஃபைல் சைஸ் பெருசாகும் என்பதால் வேகமான எஸ்எஸ்டி வேணும். கார்டில் போட நினைத்த காசில் ஒரு பகுதி இங்கே போகட்டும்.

கார்டில் பார்க்க வேண்டியது, எத்தனை ஸ்கிரீனுக்கு அவுட்புட் தரும் என்பது. சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளே ஒரே நேரத்தில் 4 டிஸ்ப்ளே வரை தரும். லேப்டாப் என்றால், வெளியே போகிற போர்ட் நேரா கிராபிக்ஸ் கார்டில் இணைந்திருக்கான்னு வாங்கும் முன்பே கேளுங்க. பின்னாடி கார்டை மாத்த முடியாது.

யூடியூப் லைவும் போடணுமா? ஆர்டிஎக்ஸ் 3050, 3090 இரண்டிலும் இருக்கும் வீடியோ என்கோடர் ஒரே தலைமுறைதான். ஸ்ட்ரீமிங்குக்காக மட்டும் விலை அதிகமான கார்டுக்குப் போறது வீண் செலவு.

டச்டிசைனர், நாட்ச் போன்றவற்றில் விஷுவல்ஸை அந்த நிமிஷமே உருவாக்குபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவங்களுக்கு சக்தி வாய்ந்த கார்டு தேவைதான். ஆனா அந்த வேலைக்குத் தனி ரேட்டும் வாங்கணும்.

இப்ப என் ஏரியா

உதாரணத்துக்கு, ஒரு நிகழ்ச்சியில் எல்லா செலவும் போக கையில் நிற்பது ₹4,000, மாசம் 2 நிகழ்ச்சி என்று வைப்போம். ₹30,000 கார்டின் விலையை எடுக்க 8 நிகழ்ச்சி, 4 மாசம். ₹1,20,000 கார்டுக்கு 30 நிகழ்ச்சி, 15 மாசம். ஆடியில் கல்யாணம் இருக்காது, மார்கழியிலும் இருக்காது. இஎம்ஐ மட்டும் மாசாமாசம் வரும், அது உங்க சம்பளத்தில்தான் கை வைக்கும். 'நோ காஸ்ட்' இஎம்ஐ என்றாலும் பிராசசிங் ஃபீயும், வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் இருக்கான்னு பாருங்க.

"டாக்ஸில் கழிச்சுக்கலாமே சார்?" கழிக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40%. வாங்கிய வருஷம் 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா 20% மட்டும். ₹30,000 கார்டை முழுக்க இந்த வேலைக்கே பயன்படுத்தினா முதல் வருஷம் ₹12,000 கழியும். 30% ஸ்லாபில் செஸ் சேர்த்து மிச்சம் ₹3,744. மீதி உங்க காசு! உத்தேச வரி முறையில் கணக்குக் காட்டினா தேய்மானத்தைத் தனியா கழிக்கவும் முடியாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவங்களுக்கு கார்டு மேல கட்டின 18% திரும்பக் கிடைக்காது. டாக்ஸ் மிச்சம் ஆகும்னு செலவு செய்யுறது, தள்ளுபடி இருக்குன்னு தேவையில்லாத சட்டை வாங்குற மாதிரி.

இன்னொன்று: இந்த வருமானம் வந்த பிறகு ஐடிஆர்-1 போடக் கூடாது. ஐடிஆர்-3 அல்லது 4 தான்.

என் விதி

முதல் 5 நிகழ்ச்சிக்கு சிஸ்டத்தை வாடகைக்கு எடுங்க. எங்கே திணறுதுன்னு குறிச்சு வைங்க. அதுக்குப் பிறகு, 10 நிகழ்ச்சி வருமானத்துக்குள் அடங்குற கார்டை, சேர்த்து வைத்த காசில் வாங்குங்க. அடுத்த பெரிய கார்டை இந்த கார்டு சம்பாதிச்சுக் கொடுக்கட்டும்.

உங்க செட்டப் என்ன, நிகழ்ச்சிக்கு எவ்வளவு நிற்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.