இளையோருக்கு இருதய மரபணுச் சோதனை: ரத்தம் எடுக்கும் முன் பேச வேண்டியவை

முப்பது வயதுகூட ஆகாதவர் திடீரென இறந்தால், ‘மாரடைப்பு’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது இருதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோயாகவும் இருக்கலாம். பெற்றோரில் ஒருவரிடம் அதற்கான மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

இது நம்மவர்களுக்குத் தூரத்து விஷயமல்ல. இருதயத் தசை தொடர்பான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளதென தங்கராஜ், தண்டபாணி குழுவினர் 2009-இல் தெரிவித்தனர். ஆனால், மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

ஆகவே அவசரம் கூடாது, வரிசை முக்கியம். முதலில் நோயுற்றவருக்கே மரபணுச் சோதனை செய்ய வேண்டும். அவரிடம் காரணமான மாற்றம் உறுதியானால், பிறகு பிள்ளைகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கும். மாற்றம் இல்லாத பிள்ளைக்குத் தொடர் கண்காணிப்புத் தேவைப்படாது. நோயாளியிடம் எதுவும் தென்படாவிட்டால், பெற்றோர், உடன்பிறப்புகள், பிள்ளைகளுக்கு ஈசிஜி, எக்கோ பரிசோதனைகளே வழி. பந்து விளையாடும்போது மயங்கி விழுந்தவர் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெப்ராவ் வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. மவுண்ட் ஆஸ்டின் போன்ற பழைய ரப்பர் தோட்டங்கள் குடியிருப்புகளாகிவிட்டன. இளையோர் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அங்கு, வருங்கால நோயை முன்கூட்டிச் சொல்லும் மரபணுச் சோதனை முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்த 2021 அக்டோபர் 27 முதல் கட்டுப்பாடு உள்ளது. சில விதிவிலக்குகளும் உண்டு. மலேசியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்கு உண்மையாகப் பதில் தரும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. மறைத்தால் பின்னாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இதனால் காப்புறுதி, வேலை, திருமணம் மூன்றையும் சோதனைக்கு முன்பே மருத்துவ ஆலோசகரிடம் பேசுவது நல்லது. வயது வந்த பிள்ளையிடம், “போய்ச் சோதித்துக்கொள்” என்று பெற்றோர் கட்டாயப்படுத்தவும் கூடாது, “கல்யாணம் கெட்டுவிடும்” என்று தடுக்கவும் கூடாது. துணைக்கு உடன் போகலாம், முடிவு அவருடையது.

சிங்கப்பூரில் உள்ள பாதுகாப்பு இங்கும் வந்தால், பயமின்றிச் சோதனைக்கு வருவோர் கூடுவார்கள். நமது சமூக இயக்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.