முனகிய வண்டி



மயிலாப்பூரில் எங்கள் பங்கு வளாகத்துப் புன்னை மரத்தடியில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முகம் ஜீப், முதுகு சுமைப்பெட்டி. வேண்டியபோது நான்கு சக்கரங்களும் இழுக்கும். 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்களே, அந்த வம்சத்தில் பிந்திப் பிறந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களுக்கு உணவுப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு வெள்ளத்துக்குள் இறங்கியதும் இதுவே.

வெள்ளம் வடிந்தபின் வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். தண்ணீர் கலந்த எண்ணெய்களை மாற்றினார்கள். முன்பக்க ஷாஃப்டைக் கழற்றி, துருவேறிய கிராஸ்களை எடுத்துவிட்டுப் புதியவை போட்டார்கள். வீடு திரும்பிய வண்டி முனகத் தொடங்கியது. முப்பது கிலோமீட்டர் வேகம் வரை பேச்சில்லை. நாற்பதை எட்டியதும் காலடியிலிருந்து ஓர் உறுமல், கூடவே தரைத்தகட்டில் ஒரு நடுக்கம்.

இடுப்பளவு தண்ணீரில் ஓட்டிக் கெடுத்துவிட்டார் என்று பழி ஓட்டுநர்மேல் விழுந்தது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றது பட்டறை. அந்தச் செலவுக்கு வண்டியை எடைக்குப் போடலாம் என்றார் பேரவையில் ஒருவர். “ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டின பிறகுதான் சாமி இந்தச் சத்தம்” என்று ஓட்டுநர் இரண்டு முறை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை, கடிந்தும் கொண்டேன். இரண்டு நாள் அவர் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையிலிருந்து ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தார் நண்பர் ஒருவர். “பாய், எதைக் கழற்ற வேண்டும்?” என்றேன். “முதலில் கேட்போம், ஃபாதர்” என்றார். மறுநாள் விடியுமுன், சாந்தோம் நெடுஞ்சாலை ஓய்ந்திருந்த நேரத்தில், மூவரும் புறப்பட்டோம்.

நிற்கும் வண்டியில் இயந்திரத்தை முடுக்கச் சொன்னார்: சத்தமில்லை. நாற்பதில் போகும்போது கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார்: இயந்திரம் தணிந்தது, உறுமல் தணியவில்லை. ஆக, குற்றம் இயந்திரத்தில் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் அதே வேகத்துக்கு அதே ஒலி. இடமும் வலமுமாக மெல்ல வளைத்தபோதும் அது மாறவில்லை. சக்கர பேரிங் தேய்ந்திருந்தால் பாரம் ஒருபுறம் சாயும்போது பெரும்பாலும் ஒலி கூடும் அல்லது குறையும்.

அடுத்து அவர் சொன்ன கணக்குதான் என்னை அசத்தியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய வண்டியின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 5 முறை சுற்றும். பழைய ஜீப்பில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும்; அதாவது நொடிக்கு 27 சுற்று. சக்கரத்தில் கோளாறென்றால் ‘தட் தட்’ என்று எண்ணிவிடலாம். எண்ண முடியாமல் உறுமுகிறதென்றால் ஷாஃப்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இவ்வண்டியில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்போதும் முன் ஷாஃப்ட் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு மீண்டும் ஓட்டினோம். உறுமல் இல்லை!

கழற்றிய ஷாஃப்டை மரத்தடியில் கிடத்தினார். அதன் இரு முனையிலும் சிலுவை வடிவான கிராஸ் உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்த மூட்டு அது. சாய்வாக நின்று சுழலும்போது அதற்கு ஒரு குணம்: ஒருபக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். ஒரு முனை செய்யும் இக்கோணலை மறுமுனை சரிக்கட்டிவிடும். ஆனால் இரண்டு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நடுவில் பற்கள் வைத்த குழல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கிறது. பிரித்தால் எந்தப் பல்லிலும் சொருகிவிடலாம். அதற்காகவே இரு துண்டுகளிலும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். துணியால் அழுக்கைத் துடைத்துக் காட்டினார். ஓர் அம்பு வானத்தையும் மற்றது புன்னை மரத்தையும் நோக்கின.

உருவி, திருப்பி, அம்போடு அம்பைச் சேர்த்துச் சொருகி, கிரீஸ் அடித்துப் பூட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. பாய் கேட்ட கூலியை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்ததற்கு அவர் என்னைக் கடிந்துகொண்டார். அவ்வாரம் என் முறை போலும்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு ஓட்டுநரையும் அழைத்து உட்காரவைத்து, அவர் முதல் நாளிலேயே சொன்னதையும் நான் கேளாததையும் எல்லார் முன்னும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “கிரீஸ் கன் ஒன்று சொந்தமாக வாங்க வேண்டும், சாமி” என்றார். வாங்கியாயிற்று. அந்த இரண்டு அம்புக்குறிகளின்மேலும் இப்போது அவர் கையால் பூசிய வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது.