கரண்ட் பிறக்கும் மசினகுடியில் கரண்டைத் தின்னும் பெட்டி! கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனிப்பார்களா?

மசினகுடி பக்கத்தில் சிங்காரா. 1932-லேயே பைகாரா தண்ணீரில் மின்சாரம் எடுத்த இடம். அங்கேயே ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் கரண்டைத் தின்று சூடாகக் கக்கினால் வேடிக்கைதான்!

கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான் ஆசாமி. "450 வாட் அண்ணே" என்பார் விற்பவர். அது பெட்டி கொடுக்கக்கூடிய அளவு. மிச்சப்படுத்தும் அளவு அல்ல. உள்ளே 100 வாட் தேவை என்றால், 70 சதவீதத் திறன் உள்ள பெட்டி 143 வாட் இழுக்கும். மீதி 43-ம் வெறும் சூடு! 80 சதவீதப் பெட்டிக்கு 125 போதும். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 5 யூனிட்டுக்கு மேல் மிச்சம். பத்து மெஷின் வைத்த சென்டருக்கு 50 யூனிட்!

இதற்காகவே 2004-ல் வந்தது '80 பிளஸ்' முத்திரை. 20, 50, 100 சதவீத லோடில் சோதித்துத்தான் தருகிறார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மேலே போகும். பில் போடும் கடைக்கு வெண்கலமே தாராளம். 850 வாட் வாங்குவதும் வீண். லோடு ரொம்பக் குறைந்தால் நல்ல பெட்டியும் திறன் இழக்கும்.

மானிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இந்தப் பெட்டியில் போய் பேரம் பேசுகிறார்கள். மட்டமான பெட்டி புகைந்தால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஊட்டியிலோ கூடலூரிலோ வாங்கும்போது, முத்திரையைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த கடை!