விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு?

பொதுச் சுகாதாரம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கருத்தரங்குகளில் நான் சலிக்கச் சலிக்கக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "அடித்தட்டு மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." கொரோனா காலத்திலும் இதையே சொன்னார்கள். நாளை வேறொரு தொற்று வந்தாலும் இதையே சொல்வார்கள்.

2020 ஏப்ரலில் விடுதியை மூடிவிட்டதால் எங்கள் சேரியில் இருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்த்தெருக்களைச் சுற்றிவிட்டு எங்கள் தெருமுனையோடு திரும்பிப் போனது. காற்றில் வந்த அரைகுறை அறிவிப்பு இதுதான்: இருபது நொடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் தனி அறையில் இருங்கள். அப்போது என் அம்மா குழாயடியில் வரிசையில் நின்றிருந்தார். நாற்பது குடும்பங்களுக்கு அந்த ஒரு குழாய்தான். எங்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறை. "கை கழுவச் சொல்றவன மொதல்ல தண்ணி விடச் சொல்லுப்பா" என்றார் அம்மா.

இதில் விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு?

சொல்லிலும் இதே கதைதான். 'சமூக' இடைவெளி வேண்டாம், உடல்ரீதியான இடைவெளி என்றே சொல்வோம் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 20 அன்றே திருத்திக்கொண்டது. மனிதர்களுக்கிடையே உறவு அறுந்துவிடக் கூடாது என்பதே காரணம். இங்கோ 'சமூக விலகல்' என்ற சொல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. எட்ட நிற்பது முன்னோர் கண்ட அறிவியல் என்று வாட்ஸ்அப்பில் பெருமை வேறு. எங்கள் பாட்டனை எட்ட நிறுத்தியது எந்தக் கிருமிக்குப் பயந்து? அதே மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். கிருமியை விட்டுவிட்டு மனிதரையே நோயாகப் பார்க்கும் பழக்கம் சாதி கற்றுக்கொடுத்தது.

மாற்று வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1897இல் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. புனேயில் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டது. மக்கள் பயந்து நோயை மறைத்தார்கள். அதே ஆண்டு சாவித்திரிபாய் புலே, நோயுற்ற தலித் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவம் பார்க்க ஓடினார். நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். மக்கள் யார் சொல்லை நம்புவார்கள் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

2022 டிசம்பரில் வேங்கைவயல் குழந்தைகள் நோயுற்றபோது, குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். தொட்டிக்குள் மலம் கிடந்தது. அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கை கழுவும் முறையைப் பற்றிப் பாடம் நடத்துவீர்களா?

ஆகவே அடுத்த முறை ஆட்டோ அனுப்புமுன் மூன்று வேலை செய்யுங்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று முதலில் அறிவியுங்கள். அறிவிப்பை எழுதும் இடத்தில் சேரிப் பெண்களையும் உட்கார வையுங்கள். ஆட்டோவைத் தெருமுனையில் திருப்பாதீர்கள். அதற்குப் பிறகு எங்கள் விழிப்புணர்வைப் பற்றிப் பேசலாம்.