எதைக் கேட்பது?

சென்ற வாரம் என் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் நான்கு பக்க ஜாபிதா ஒன்று. தூத்துக்குடியில் பொதுக் கொள்கை ஆராய்ச்சிக்கென்று ஒரு சிறு நிலையம் தொடங்க வேண்டுமென்பது அவருக்கும் அவருடைய சிநேகிதர் சிலருக்கும் நெடுநாள் ஆசை. முதல் ஐந்து வருஷங்களில் எதையெதை ஆராய்வது என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 32 விஷயங்கள். துறைமுக அபிவிருத்தி, உப்புத் தொழில், நிலத்தடி நீர், பெண் கல்வி, கடல் அரிப்பு என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.

"வாத்தியாரே, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லும்" என்றார்.

விட்டுப்போனது ஒன்றுமில்லை, அதுதான் குறை என்றேன். வருஷந்தோறும் கேள்வித்தாள் தயாரிப்பவன் நான். பாடப் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்புகளை வரிசையாக எழுதிவிட்டால் அது கேள்வித்தாள் ஆகிவிடாது. விடை தவறிப்போவதற்கும் இடமிருந்தால்தான் அது கேள்வி. 'உப்புத் தொழில்' என்ற தலைப்புக்கு எதை எழுதி வைத்தாலும் மார்க்குப் போட வேண்டியதுதான்!

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. கேள்வி யாருடையது என்பது. நம் கடற்கரைக்கு இது புதிய பாடமன்று.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் மனம் வைத்தால் அள்ளிக் கொடுக்கும். இல்லாவிட்டால் வருஷக் கணக்கில் கையை விரித்துவிடும். சலாபம் நடந்தால் எடுத்த சிப்பியில் பெரும் பங்கு சர்க்காருக்கு. குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆகவே சிப்பி காணாமற் போனால் சர்க்காருக்குத்தான் முதலில் கவலை வரும். 1902-ல் இலங்கைச் சர்க்காரின் அழைப்பின் பேரில் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். சிப்பி ஏன் அழிகிறது, வருமானத்தை நிலைநிறுத்துவது எப்படி என்பவையே அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்விகள். அவருக்கு உதவியாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பின்னர் சென்னை மாகாண மீன்வள இலாகாவுக்கே தலைவரானார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. சிப்பியின் உடற்கூறு, அதன் பகைவர்கள், அதற்குள் குடியேறும் புழுக்கள் எல்லாம் அதில் உண்டு. நல்ல உழைப்பு, அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் 1906-லேயே இலங்கைப் பார்கள் இருபது வருஷக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. சில வருஷங்களில் பார்கள் வறண்டன, கம்பெனியும் கலைந்தது. அதே 1906-ல்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். நம் சரக்கு ஏன் பிறன் கப்பலில் போகிறது என்பது அவருடைய கேள்வி. துறைமுகத்து வியாபாரிகள் நித்தியம் பட்ட அவதியிலிருந்து பிறந்த கேள்வி அது. ஐந்து தொகுதிகள் எழுதியும் அதைக் கேட்டிருக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியது. 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அதன் விஞ்ஞானி டாக்டர் அழகர்சுவாமியும் அவர் குழுவினரும் 1973-ல் நம் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே உண்டாக்கினார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய காரியங்கள். எனினும் அவை சிப்பியைப் பற்றிய கேள்விகளே. 1961-ல் கடைசிச் சலாபம் முடிந்தது. அன்று கரையேறிய குளிகாரன் மறுநாள் என்ன செய்தான் என்பதைக் கேட்பது எந்த நிலையத்தின் கடமை? விலங்கியல் நிலையத்தின் கடமையன்று. கொள்கை நிலையம் வேண்டுமென்று நண்பர் சொல்வதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

குளித்தவர்களில் பலர் சங்குக்குப் போனார்கள். பாட்டனார் மூச்சடக்கி ஒரு நிமிஷம் அடியில் இருந்தார். பேரன் படகிலுள்ள இயந்திரத்திலிருந்து குழாய் வழியே காற்று வாங்கி நெடுநேரம் இருக்கிறான். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டு மூட்டுகளைப் பிடிக்கும். முதுகெலும்பைத் தாக்கினால் கால்கள் விளங்காமற் போகும். கூடுதல் சங்கு, கூடுதல் கூலி, கூடுதல் ஆபத்து. எத்தனை பேர், எவ்வளவு ஆழம், நொடித்த பிறகு குடும்பத்தைத் தாங்குவது யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாமே! 32-ல் இது எங்கே என்று தேடினேன். 'மீன்வளம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூழ்கிக் கிடந்தது.

கேட்கத் தெரிந்தவர்களும் நம் பக்கம் வந்து போயிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்பவை போன்ற சாதாரணக் கேள்விகள். நம் திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானும் அக்கிராமங்களில் ஒன்று. 1918-ல் புத்தகம் வந்தது. அதோடு முடிந்திருந்தால் இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். மால்கம் ஆதிசேஷையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். குஹன், 1980-களின் தொடக்கத்தில் அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டுக்கு மீண்டும் போனார். ஒரு தகப்பனிடம் கேட்டதை மகனிடமும் பேரனிடமும் கேட்டதனால்தான், கூலி உயர்ந்ததா, நிலம் கைமாறியதா என்று வாய்ப்பந்தல் போடாமல் சொல்ல முடிந்தது.

நண்பருக்கு இது ருசிக்கவில்லை. "பணம் கொடுப்பவர்கள் மூன்று வருஷத்தில் அறிக்கை கேட்பார்களே" என்றார். வாஸ்தவம். அவர்களுக்கு ஒன்றிரண்டு அறிக்கைகள் எழுதிக் கொடுக்கட்டும். நிலையம் வாழ வேண்டுமல்லவா? ஆனால் இரண்டு கேள்விகளையாவது யாருக்கும் விற்காமல், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அதே வீடுகளில் கேட்பதென்று முதல் நாளே தீர்மானம் எழுதிவிட வேண்டும். ஒன்று குளிகாரர் வீடு. மற்றொன்று உப்பளத் தொழிலாளி வீடு. மழை பிறந்தால் அளத்தில் வேலையில்லை. அந்த மாதங்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க முன்வந்தது. அது யாருக்குக் கிடைத்தது, பதிவேட்டில் பெயரில்லாத பெண்ணுக்கும் கிடைத்ததா, அதற்குள் கடன்காரன் வந்துவிட்டானா? விடை பாதகமாகவும் வரக்கூடும். வந்தால் சர்க்காரிடம் அச்சமின்றிச் சொல்லவும் வேண்டும்.

பேச்சு மாலை வரை நீண்டது. ஜாபிதாவில் பதினொன்றை நண்பரே அடித்தார். மற்றவற்றில் கைவைக்க அவருக்கு மனம் வரவில்லை. புறப்படும்போது, திரேஸ்புரத்தில் சங்குப் படகுக்காரர் யாரையாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். என்னிடம் படித்த ஒருவனின் தகப்பனார் இருக்கிறார். விடியுமுன் போனால்தான் ஆளைப் பிடிக்கலாம் என்றேன்.